முன்வண்டிக்காரன்

உங்கள் வண்டியின் வலப்பக்கப் பனிவிளக்கு எரியவில்லை. வாசலில் வந்து நிறுத்தும்போதே கவனித்தேன். பல்பு போயிருக்காது. ஒயர் செருகுகிற இடத்தில் ஈரம் புகுந்து பச்சை பூத்திருக்கும். கழற்றித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவிச் செருகினால் சரியாகிவிடும். இந்தப் பக்கத்தில் டிசம்பர் மாதம் ஒற்றை விளக்கோடு யாரும் சுற்றக் கூடாது. பேசி முடித்த பிறகு நேரமிருந்தால் நானே பார்த்துத் தருகிறேன்.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்பு ரொட்டி கடையில் வாங்கியது, சுமாராகத்தான் இருக்கும். என் மனைவி இடலீனா இருந்தால் வீட்டிலேயே சுட்டிருப்பாள். அவள் டர்லாக்கில் தங்கை வீட்டில் இருக்கிறாள். உங்களுக்குத் தெரியாததில்லை, அங்கே போய்விட்டுத்தானே இங்கே வந்திருக்கிறீர்கள்.

என் பிக்கப் வண்டியில் வலது பனிவிளக்கு மஞ்சளாகவும் இடது வெள்ளையாகவும் எரிவது ஏன் என்று போன முறை கேட்டீர்கள். ஏதோ பழைய பல்பு என்று சொல்லி மழுப்பினேன். இன்று ஒழுங்காகச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முதலில் எங்கள் வரிசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஃபிரெஸ்னோக்காரர் என்பதால் இங்கத்திய மூடுபனியைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை.

சீஸ் தொழிற்சாலையின் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏழெட்டு வண்டி. பனி இறங்கிய நாட்களில் நாங்கள் தனித்தனியாகப் போவதில்லை. ஊர் எல்லையில் சொதியாவின் டோனட் கடை வாசலில் கூடுவோம். அங்கிருந்து ஒரே வரிசையாகக் கிளம்புவோம். முதல் வண்டிக்காரன் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மற்றவர்களுக்குக் கோடும் கிடையாது, ரோடும் கிடையாது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குதான் கண்ணில் படும், அதைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் ரேடியோவை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்வோம். எவ்வளவு குளிரானாலும் ஜன்னல் ஏறாது. கண் தெரியாத இடத்தில் காதுதானே துணை. இன்னொன்று, முன்வண்டிக்காரன் சட்டென்று பிரேக் மிதிக்கக் கூடாது. மிதித்தால் பின்னால் வருகிறவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிவிடுவார்கள்.

அந்த முன்வண்டிக்காரனாகப் பல குளிர்காலம் இருந்தவன் நான். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பனி இறங்கினால் எல்லாரும் என் பிக்கப் எங்கே என்று பார்ப்பார்கள். நான் வரும்வரை வாசலில் காபியை ஊதிக்கொண்டு நிற்பார்கள். முன்னால் போகிறவனுக்கு சொதியா ஒரு மேப்பிள் டோனட்டைக் காகிதத்தில் சுற்றி, காசு வாங்காமல் ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. டாக்டர் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். பனிக்காலம் முழுவதும் நான் அதைச் சாப்பிட்டேன், ஒரு துண்டைக்கூட மிச்சம் வைத்ததில்லை.

தொழிற்சாலையில் எனக்கு பாய்லர் வேலை. பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அங்கே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு யாருக்கும் வராது. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊர் விழாவில் பாடவோ ஆடவோ எனக்கு வராது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. காலையில் அரை மணி நேரம், பனியில், அத்தனை பேரும் என் பின்னால் வந்தார்கள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

லூசியோ மென்டஸ் குஸ்டீன் பக்கத்திலிருந்து வேலை மாற்றிக்கொண்டு வந்தவன். பேக்கிங் பிரிவில் இருந்தான். வந்த முதல் வாரமே எல்லாருக்கும் அவனைப் பிடித்துப்போனது. அப்படிச் சிலர் இருக்கிறார்கள், கதவைத் திறந்துகொண்டு வந்தாலே அறையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவன் மகள் டெல்ஃபினாவுக்கு நான்தான் ஞானத்தந்தை. அவனே கேட்டு வைத்தான். அதற்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வழக்கப்படி கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவான். பிள்ளைக்கு நீயும் நானும் சேர்ந்து தகப்பன் என்று அர்த்தம்.

அவன் காருக்கு முதன்முதலில் மஞ்சள் பல்பு போட்டுக் கொடுத்ததும் நான்தான். அதை மறந்துவிடாதீர்கள். பழைய கார், ஆனால் பம்பரில் தாழ்வாக, அகலமாக, நல்ல பனிவிளக்குகள். கம்பெனியிலிருந்து வந்த மங்கல் பல்புகளைக் கழற்றிவிட்டு, மஞ்சள் பல்பு போட்டு, சுவரில் டேப் ஒட்டி உயரம் பார்த்து, ஒளி ரோட்டோரத்தில் படுகிற மாதிரி தாழ்த்திவிட்டேன். வேலை அவ்வளவு சுத்தமாக வந்தது. என் சொந்த வண்டிக்குக்கூட அப்படிச் செய்துகொண்டதில்லை. எனக்கு ரோடு மனப்பாடம், விளக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அந்த மனப்பாடம் ஒரு நாள் என்னைக் கைவிட்டது. போன குளிர்காலம், பனி பாலாக இறங்கியிருந்த காலை. ஒரு திருப்பத்தை முன்கூட்டியே திருப்பிவிட்டேன். ஏழெட்டு வண்டியும் என் பின்னாலேயே வரிசை குலையாமல் வந்து, மச்சாடோவின் பால்பண்ணை முற்றத்தில் நின்றன. சுற்றிலும் மாடுகள். ஒரு மாடு என் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தது.

ஆர்மின்டோ வண்டியிலிருந்து இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். அவன் எங்கள் கூட்டத்தில் வாய்க்காரன்.

"ஏம்ப்பா உர்பானோ, முன்னாடியே சொல்லியிருந்தா வாளி கொண்டாந்திருப்போமில்ல. வெறுங்கையோட வந்து நிக்கிறோம், மாடுங்க என்ன நினைக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். இடலீனாவுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை, என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள், அவளும் சிரித்தாள். சிரிக்காதவன் லூசியோ ஒருவன்தான். ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் எடுக்கக் கை காட்டினான். "கொம்பாத்ரே, இந்தப் பனியில யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகும்" என்று என் தோளைத் தட்டினான். பிறகு தன் காரை முன்னால் எடுத்தான். எல்லாரும் அவன் பின்னால் போனார்கள். நானும் போனேன். அவனும் சிரித்திருந்தால் நான் மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த பனி நாளில் டோனட் கடை வாசலில் யாரும் சொல்லாமலேயே லூசியோவின் கார் முன்னால் நின்றது. எனக்கு இரண்டாம் இடம் விட்டிருந்தார்கள். அது மரியாதைக்காக விட்ட இடம், வயதானவர்களுக்குச் சாப்பாட்டு மேசையில் சுவரோரம் நாற்காலி போடுவதைப் போல. சொதியா டோனட்டோடு வெளியே வந்தாள். ஒரு நிமிடம் தயங்கி, என்னைப் பார்த்துவிட்டு, லூசியோவின் ஜன்னலுக்குப் போனாள். அவள் தயங்கியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"லூசியோ லைட்டுல கோடு எவ்வளவு பளிச்சுனு தெரியுது பாத்தியா?" என்றாள் இடலீனா வழியில். "நம்ம லைட்டுல இப்படித் தெரிஞ்சதே இல்ல."

"அது நான் போட்டுக் கொடுத்த பல்பு."

"சரி, நீதான் போட்டே. யாரு இல்லேன்னா? இருந்தாலும் அவன் ஓட்டுறது ஒரு நிதானம். உனக்கும் வயசாகுது. நாம பாட்டுக்குப் பின்னால நிம்மதியா போலாமே."

நிம்மதி என்றாள். அத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். அப்படியானால் அத்தனை வருடமும் அவளுக்கு நிம்மதி இல்லாமல் இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பனி நாட்களில் அவள் முட்டையும் லிங்க்விசா சாசேஜும் வைத்து ஒரு ரொட்டி அதிகமாகச் சுற்ற ஆரம்பித்தாள். "முன்னால போறவன் வெறும் வயித்தோட போகக் கூடாது" என்று அதை லூசியோவிடம் கொடுப்பாள். நான் முன்னால் போன காலத்தில் எனக்கு ஒரு ரொட்டிதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. இல்லை, அவர்களுக்குள் அப்படி எதுவும் கிடையாது. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊரே என் பக்கம் நின்றிருக்கும். அவன் ஒரு தப்பும் செய்யாமல் என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். அப்படிப்பட்ட ஆளைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

பொறாமை என்று எழுதிக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. அந்தச் சொல் எனக்குப் பொருந்தாது. வயிறு எரிந்தது என்பது வேண்டுமானால் சரி. அவன் சிரிப்புச் சத்தம் கேட்டால் சாப்பாடு இறங்காது. விழாவில் அவன் பாடினால் நான் பின்பக்கம் போய்க் கார்களின் நடுவே நின்றுகொள்வேன். கோடை முழுவதும் பனி இல்லை, வரிசை இல்லை, அப்போதும் அது அடங்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவன் முன்னால் போவான் என்ற நினைப்பு ஜூலை மாத வெயிலிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது பல்பு விஷயத்துக்கு வருகிறேன். இந்த நவம்பர் கடைசியில் லூசியோ என் கராஜுக்கு வந்து, பனிவிளக்கை நல்லதாக மாற்றித் தரச் சொன்னான், அவன் கேட்டபடி மாற்றிக் கொடுத்தேன். போன முறை உங்களிடம் இப்படித்தான் சொன்னேன். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். அவன் கேட்டது ஒரே ஒரு பல்பு.

"கொம்பாத்ரே, இடது பக்கம் அவுட்டு. அதே மஞ்சள்ல ஒண்ணு இருக்கா?"

இருந்தது. அலமாரி டிராயரில் பிரிக்காத ஜோடியே இருந்தது. நீங்கள் கராஜில் எடுத்தது அதைத்தான்.

"அது இப்ப வர்றதில்ல லூசியோ. கம்பெனியே நிறுத்திட்டான். இந்த எல்.இ.டி. போட்டுக்கோ. ரெண்டையும் மாத்திடுவோம். நாலு மடங்கு வெளிச்சம்."

அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெள்ளையா இருக்கே. பனிக்கு வெள்ளை ஆகாதுன்னு ஆர்மின்டோகிட்ட நீதானே மல்லுக்கு நின்னே?"

"அது பழைய வெள்ளை. இது வேற மாதிரி. உனக்குன்னுதான் வாங்கி வச்சேன்."

கடைசியாகச் சொன்னது பொய்யில்லை. அவனுக்கென்றுதான் செப்டம்பர் மாதமே வாங்கி வைத்திருந்தேன்.

வெள்ளை ஏன் ஆகாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பனி என்பது நின்றுகொண்டிருக்கிற தண்ணீர்ப் பொடி. வெள்ளை வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அது அப்படியே திருப்பி உங்கள் கண்ணில் அடிக்கும். வெளிச்சம் கூடக் கூட அடியும் கூடும். சாதாரண பல்புக்கென்று செய்த கண்ணாடிக் குழிக்குள் எல்.இ.டி.யைச் செருகினால், ஒளி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நாலா பக்கமும் தெறிக்கும். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இது புரியாது. வெளிச்சம் அதிகமானால் நல்லதுதானே என்று நினைப்பார்கள். ஒவ்வொரு வருடமும் யாராவது ஆசையாகப் போட்டுக்கொண்டு, முதல் பனியில் திட்டிக்கொண்டே கழற்றுவார்கள். நான் பம்பருக்குப் பின்னால் இருக்கிற திருகையும் திருப்பி, விளக்கு இரண்டையும் மேல்நோக்கிப் பார்க்க வைத்தேன். சுவரில் டேப் ஒட்டித்தான் செய்தேன். இரண்டும் ஒரே உயரம், ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. வேலையில் நான் ஏனோதானோ என்று இருந்ததே இல்லை.

லூசியோ காசு கொடுக்க வந்தான், நான் வாங்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டான். வீட்டுக்குப் போகிற வழியிலேயே போன் செய்தான். "கொம்பாத்ரே, ரோடு பகல் மாதிரி இருக்கு. டெல்ஃபினா கைதட்டுறா." பனி இல்லாத நாளில் அப்படித்தான் இருக்கும்.

அவன் காரிலிருந்து கழற்றியதில் வலது பக்கத்து மஞ்சள் பல்பு நன்றாக இருந்தது. அதை என் பிக்கப்பின் வலது விளக்கில் போட்டுக்கொண்டேன். நல்ல பல்பை எறிய மனம் வரவில்லை. வெள்ளைக் கோடு வலது பக்கம்தானே இருக்கிறது, ஒன்று போதும். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

பிறகு நான் செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை. மழை வர வேண்டும், மழைக்கு மறுநாள் காற்று ஓய வேண்டும், வானம் தெளிந்து தரை குளிர வேண்டும். மழை வந்தது. காற்றும் ஓய்ந்தது. தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவர் பனி எச்சரிக்கை என்றபோது, இடலீனா நாளைக்கு எடுத்துப் போக ரொட்டிக்கு முட்டை வேக வைத்துக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்தேன். அவனுக்கும் சேர்த்துத்தான் வைத்திருந்தாள்.

அவனைச் சாகடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவன் வெள்ளைச் சுவருக்கு முன்னால் திணறி, ஓரம் கட்டி, இறங்கி வந்து, கொம்பாத்ரே என்னால் முடியவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். நான் அவனைத் தாண்டி முன்னால் போக வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான். ரோட்டோரத்துப் பாசனக் கால்வாயை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. குளிர்காலத்தில் அது காய்ந்துதான் கிடக்கும். இந்த வருடம் மலையில் மழை அதிகம் என்று தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். தினமும் அதன் ஓரமாகத்தான் வேலைக்குப் போய் வந்தேன், பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தேன். கரைவரை இருந்தது.

அன்று காலை டோனட் கடை வாசலில் பனி எப்படி இருந்தது என்றால், நின்ற இடத்திலிருந்து கடையின் பலகை தெரியவில்லை. லூசியோ விளக்கைப் போட்டான். கடை வாசலே வெள்ளையாகப் பூத்தது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

"கொம்பாத்ரே, ரொம்ப அடிக்குதே. ஒண்ணுமே தெரியல."

"நின்னுக்கிட்டுப் பாத்தா அப்படித்தான் இருக்கும். வண்டி நகர்ந்தா கண்ணு பழகிடும்."

அவன் விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"இன்னைக்கு நீ முன்னால போயேன். ரோடு உனக்குத்தான் அத்துப்படி. நான் உன் பின்னால வர்றேன்."

ஆர்மின்டோ கேட்டான், இடலீனா கேட்டாள், டோனட்டோடு நின்ற சொதியாவும் கேட்டாள். நான் ஒரு வருடமாக ஏங்கிக் கிடந்த இடம், அவன் தானாகவே எடுத்து நீட்டுகிறான். சரி என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் வாயில் வந்து நின்றது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் பால்பண்ணை முற்றத்தில் என் தோளைத் தட்டினானே, அதே கனிவு இருந்தது. அவன் கொடுத்து நான் வாங்குவதா? வாங்கினால் கடைசிவரை அது அவன் கொடுத்ததாகத்தானே இருக்கும்?

"சும்மா இரு. எல்லாரும் உன்னை நம்பித்தான் வந்திருக்காங்க. நீயே போ" என்றேன். "இந்த லைட்டைப் போட்டுக்கிட்டு நீ பின்னால வந்தா என் கண்ணுதான் அவிஞ்சு போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் வார்த்தைக்குச் சிரித்தார்கள். லூசியோவும் சிரித்துவிட்டு டோனட்டை வாங்கிக்கொண்டு காரில் ஏறினான்.

அவன் மெதுவாகத்தான் போனான். அந்த ரோட்டில் நடுக்கோடு தேய்ந்துபோய்விட்டது, ஓரத்து வெள்ளைக் கோடு மட்டும்தான் உண்டு. அவன் காருக்கு முன்னால் பனி முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அவன் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓட்டுவது மங்கலாகத் தெரிந்தது. ஓரம் கட்டுவான், இப்போது கட்டுவான் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கட்டவில்லை. பின்னால் வண்டிகள் வருகின்றன, நடுவழியில் நிறுத்தினால் அவர்களுக்கு ஆபத்து என்று நினைத்திருப்பான். அவன் அப்படித்தான்.

கால்வாய் வருகிற இடத்தில் ரோடு வலது பக்கம் வளையும். அந்த இடம் எனக்குக் கண்ணால் பழக்கமில்லை, காதால் பழக்கம். இடப்பக்கத்திலிருந்து பம்பு செட்டின் ரீங்காரம் வரும். மாட்டுத் தீவனக் குவியலின் புளிப்பு வாடை மூக்கில் ஏறும். வாடை ஏறியதும் திருப்பத் தொடங்க வேண்டும். இதை நான் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. லூசியோவுக்கு விளக்கு இருந்ததே, அவன் கேட்கவும் இல்லை.

வாடை வந்தது. அவனுடைய சிவப்பு விளக்குகள் நேராகப் போயின. நான் ஹார்ன் அடித்திருக்கலாம். கை ஸ்டீயரிங்கில்தான் இருந்தது, ஹார்ன் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. நான் திருப்பினேன். என் வலது விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளைக் கோடு அழகாக வளைந்து வந்தது. அவனுடைய பிரேக் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. வரிசையின் ஒழுங்கைக் கடைசிவரை காப்பாற்றினான், அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

இடலீனா உங்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியும். இருந்தாலும் நானே சொல்கிறேன்.

"அது என்ன சத்தம்?" என்றாள்.

"பம்பு செட்டு."

"லூசியோ லைட்டைக் காணோமே."

"முன்னால போறான்."

அவள் தலையை வெளியே நீட்டினாள். "யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கு உர்பானோ. கொம்பாத்ரேன்னு கூப்பிட்ட மாதிரி இருக்கு."

எனக்கும் கேட்டது. இரண்டு தடவை கேட்டது.

"ஜன்னலை ஏத்து. குளிருது" என்றேன்.

எங்கள் வரிசையில் பனி நாளில் யாரும் ஜன்னலை ஏற்றச் சொல்ல மாட்டார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஏற்றினாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து எல்லாரையும் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் வளைவு தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு ஜோடி விளக்கு என் பின்னால் திரும்பியது. அதற்குப் பின்னால் இன்னொரு ஜோடி. பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே. முன்னால் ஒரு வண்டி குறைந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. அந்த நிமிடத்தில் போய் நிறுத்த என்னால் முடியவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் சந்தோஷமாக இருந்தேன்.

தொழிற்சாலை வாசலில் ஆர்மின்டோ இறங்கி வந்தான். "லூசியோ இன்னைக்குப் பிரமாதமா ஓட்டினான்ப்பா. ஒரு குலுக்கல் இல்ல."

"லூசியோ இல்ல. நான்தான் முன்னால வந்தேன்" என்றேன். "அவன் லைட்டு சரியில்லன்னு திரும்பிட்டான் போல."

என் ஷிப்டைப் பார்த்தேன். பாய்லர் அன்று நன்றாக ஓடியது. மத்தியானம் பனி விலகியதும் கால்வாய்க்காரர் வந்து பார்த்திருக்கிறார். தண்ணீருக்கடியில் இரண்டு வெள்ளை விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால்தான் லூசியோவின் காரைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். அவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தும் எரிந்திருக்கின்றன. ஒயரை நான் அப்படி இறுக்கியிருந்தேன்.

அடுத்த பனி நாளில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என் பிக்கப்பைப் பார்த்தார்கள். சொதியா அழுதுகொண்டே டோனட்டைக் கொடுத்தாள். சாப்பிட்டேன். டெல்ஃபினாவின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வதாக அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஞானத்தந்தை என்பவன் அதற்குத்தானே இருக்கிறான்.

ஆமாம், நான்தான் செய்தேன். பல்பை மாற்றியதும் நான்தான், திருகைத் திருப்பியதும் நான்தான், கூப்பிட்ட குரலைக் கேட்டுக்கொண்டே போனதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த வாக்குமூலத் தாளில் ஒன்றை விட்டுவிடாதீர்கள், வேண்டுமானால் ஆர்மின்டோவையே கேட்டு எழுதுங்கள். அன்றைய பனியில் என்னை நம்பிப் பின்னால் வந்த ஒருவருக்குக்கூட ஒரு கீறல் விழவில்லை.